பவளம் வெளுப்பது வெயிலாலா, கழிவுநீராலா?

மே மாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், அடியில் கண்ணாடி பதித்த படகில் போனபோது, அடியில் பாறைகள் பல சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகக் கிடந்தன என்கிறீர்கள். படகோட்டி, "வெயில் சார், வெந்து போச்சு" என்றாராம். உடன் வந்த நண்பரோ, "வெயில் எந்த வருஷம்தான் அடிக்கவில்லை? கரையிலிருந்து வரும் கழிவுநீர் செய்கிற வேலை இது" என்றாராம். யார் சொல்வது சரி, அந்தப் பவளம் செத்தேபோய்விட்டதா என்று கேட்டு இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறீர்கள்.

படகோட்டி சொன்னதுதான் பெரும்பாலும் சரி. நண்பர் சொன்னதும் உளறல் இல்லை. வேறொரு கேள்விக்கான பதிலை இங்கே சொல்லிவிட்டார், அவ்வளவுதான். செத்துவிட்டதா என்றால், பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்வரை பெரும்பாலும் உயிர் இருக்கும். ஆனால் 'வெந்து போச்சு' என்பது சரியான காரணத்தைத் தவறான விதத்தில் சொல்வது. அந்தப் பவளம் பட்டினி கிடந்தது. வெப்பம் எப்படிப் பட்டினியாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பவளத்தைக் கல் என்பார்கள், செடி என்பார்கள், பூச்சி என்பார்கள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சரிதான். கல்லாகத் தெரிவது சுண்ணாம்பு எலும்புக்கூடு. அதன்மேல் மெல்லிய தோல் போர்த்தியதுபோலப் படர்ந்திருப்பது விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டுக் குடும்பம். நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் இந்தப் பாலிப் நெருங்கிய உறவு. அந்தத் தோலின் உயிரணுக்களுக்குள்ளே குடியிருப்பது ஒற்றைச் செல் பாசி, சூசாந்தெல்லே என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு பாசிகளை வரிசையாக அடுக்கலாம், அத்தனை சிறியவை. நன்றாக இருக்கும் பவளத்தின் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும்.

குடியிருப்பவர்கள் கொடுக்கும் வாடகை சாமான்யமானதல்ல. பாசி வெயிலை வைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. அதில் பெரும்பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் வருகிறது. பதிலுக்குப் பவளம் கொடுப்பது வெயில் படும் இடத்தில் பாதுகாப்பான வீடு, தன் கழிவான அம்மோனியம், மூச்சில் விடும் கரியமில வாயு. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் சத்து என்பது ரொம்பக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் பவளம் ஊர் ஊராகக் கட்டி எழுப்பியது இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான்.

நிறமும் பாசியுடையதுதான். பவளம் தேன்நிறமாகவோ காப்பிப்பொடி நிறமாகவோ தெரிவதற்கு அதுவே காரணம். பாலிப்பின் தோல் ஏறக்குறைய கண்ணாடி. உள்ளே இருக்கும் பாசி போய்விட்டால், அடியில் இருக்கும் சுண்ணாம்பு அப்படியே வெளியே தெரியும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான்: உயிருள்ள தோல் வழியே தெரிந்த எலும்பு.

பாசி ஏன் போகிறது என்பதற்கு வருகிறேன்.

பாசிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பகுதி வெயிலைப் பிடிக்கிறது, இன்னொரு பகுதி பிடித்த சக்தியைக் கொண்டு சர்க்கரை ஆக்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அடுப்பில் பால் வைத்து, கிளறிக்கொண்டே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கை ஓடும்வரை பொங்காது. கை ஓய்ந்தால் தீயைக் குறைக்க வேண்டும். கடல் நீர் சூடேறும்போது பாசிக்குள் கை ஓய்ந்துபோகிறது: சர்க்கரை ஆக்கும் பகுதி தடுமாறுகிறது, வெயில் பிடிக்கும் கருவியில் அன்றாடம் ஏற்படும் பழுதை அன்றன்றே சரிசெய்யும் வேலையும் பின்தங்குகிறது. தீ மட்டும் அப்படியே எரிகிறது. அந்தத் தீ சூரியன், குறைக்க ஆளில்லை.

பொங்கி வழிவது என்ன? பிடித்து வைத்த சக்திக்குப் போக வழி இல்லாததால் அது ஆக்சிஜன் மேல் பாய்கிறது. சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பெராக்சைடு. அது பாசியையும் அரிக்கும், பாசி குடியிருக்கும் பவளத்தின் செல்லையும் அரிக்கும். சோறு போட்டவனே விஷம் கக்க ஆரம்பித்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? வெளியேற்றுகிறார். சில சமயம் பாசியை மட்டும் துப்புகிறது, சில சமயம் பாசி இருக்கும் செல்லையே உதிர்க்கிறது, சில சமயம் உள்ளேயே செரித்துவிடுகிறது. முடிவு ஒன்றுதான்.

அண்மைக் காலத்தில் இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் சேர்ந்திருக்கிறது. வெப்பத்தில் பவளத்துக்குப் பசி அதிகம். தன் உடம்பின் புரதத்தையே உடைத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. அதில் அம்மோனியம் நிறைய வெளியாகிறது. பாசிக்கு அது உரம். உரம் கிடைத்ததும் தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு, வாடகைச் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறது. ஆக, வெளுப்பதற்கு முன்பே உறவு கசந்துவிடுகிறது; வெளியே பார்க்கப் பழுப்பாகத்தான் இருக்கும், உள்ளே பட்டினி தொடங்கியிருக்கும். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. நாம் வெள்ளையைப் பார்த்த பிறகுதான் பதறுகிறோம், பவளத்துக்குப் பிரச்சினை அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

எத்தனை சூடு என்று கேட்டால், வியப்பாக இருக்கும்: ஒரே ஒரு டிகிரி. ஆனால் எந்த எண்ணுக்கு மேல் ஒரு டிகிரி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வோர் இடத்திலும் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நெடுநாள் சராசரி ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் பவளம் அந்த எண்ணுக்குப் பழகியது. அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறி, நாள்கணக்கில் இறங்காமல் நின்றால் தொல்லை ஆரம்பம். பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரி செல்சியஸ் தொடும் நீரிலும் பவளம் வாழ்கிறது. அதே சூட்டில் ஆஸ்திரேலியப் பவளம் தாங்காது. பாரசீகப் பவளம் சாகாவரம் வாங்கி வந்ததா என்றால் இல்லை. அங்கேயும் 2017இல் கடுமையாக வெளுத்தது. அதன் எல்லைக்கு மேல் போனதால் அதுவும் வெளுத்தது.

இங்கே சூட்டின் உயரத்தோடு நாளின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் மூலம் இதைக் கணக்கிடும் முறை எளிது. எல்லைக்கு மேல் ஒரு டிகிரி, ஒரு வாரம் நின்றால் ஒரு 'வெப்ப வாரம்'. இரண்டு டிகிரி இரண்டு வாரம் நின்றால் நான்கு. கடந்த 12 வாரக் கணக்கைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். 4 வந்தால் வெளுப்பு பரவலாகத் தெரியும். 8 தாண்டினால் சாவு தொடங்கும். நெடுங்காலம் எச்சரிக்கை அளவு இதோடு முடிந்திருந்தது. 2023 கோடையில் அட்லாண்டிக் பக்கம் எண்கள் எகிறிப்போனதால், மேலே இன்னும் மூன்று படிகள் சேர்க்க வேண்டி வந்தது. கடைசிப் படி 20 வெப்ப வாரம். நம் நாட்டில் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதே வகை எச்சரிக்கையை மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், கட்ச் வளைகுடா ஆகியவற்றுக்கு வெளியிடுகிறது. மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் அதே நிறுவனம்தான்.

(2023 ஜூலையில் புளோரிடாவில் கடல் 38.4 டிகிரி தொட்டது என்று செய்தி வந்ததே, பலர் அதை எடுத்து எடுத்துப் போட்டார்கள். அது மானட்டி விரிகுடா என்ற இடத்தில் சேறும் ஆழமில்லாத நீருமான ஓரத்தில் இருந்த மிதவையின் அளவு. பவளப்பாறை மேல் இருந்த நீர் அவ்வளவு சூடில்லை. அந்தப் பெரிய எண் இல்லாமலேயே அங்கே பவளம் செத்தது என்பதுதான் கவலைக்குரிய செய்தி.)

வெயில் என்று படகோட்டி சொன்னதை ஏன் பெரும்பாலும் சரி என்றேன்? சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் இந்தப் பால் பொங்குகிறது. அவர் சூட்டைத்தான் நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் வெளிச்சத்துக்குத் தனிப் பங்கு உண்டு. 1998இல் உலகெங்கும் பவளம் வெளுத்தபோது, பிரெஞ்சு பாலினீசியாவில் சொசைட்டித் தீவுகளின் நீரும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வானம் மேகமூட்டமாகவே இருந்ததால் பவளம் பெருமளவு தப்பியது. 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்தபோது தெற்குப் பகுதி மட்டும் லேசாக அடிபட்டுத் தப்பியது. பிஜியைச் சூறையாடிய வின்ஸ்டன் புயலின் மிச்சம் குயின்ஸ்லாந்துப் பக்கம் வந்து, மேகமும் மழையுமாக நீரைக் குளிர்வித்துவிட்டது. ஓர் ஊரைப் பிடித்த சனி இன்னோர் ஊருக்குக் குடை பிடித்தது.

மன்னார் வளைகுடாவில் ஆண்டுதோறும் இதன் சின்னப் பதிப்பு ஒன்று நடக்கும். மார்ச் கடைசியிலிருந்து காற்று அடங்கிவிடும். கடல் குளம்போலக் கிடக்கும்; நீர் தெளிந்து, வெயில் தங்குதடையின்றி அடிவரை இறங்கும். கலக்கி விட அலையில்லாததால் மேல்நீர் சூடேறிக்கொண்டே போகும். படகில் போகிறவர்களுக்கு அடி நன்றாகத் தெரியும் அந்த நாள்கள்தான் பவளத்துக்குக் கெட்ட நாள்கள். ஏப்ரல், மே மாதங்களில் நீர் 31, 32 டிகிரி தொடும். தென்மேற்குக் காற்று கிளம்பி, அலை எழுந்து, நீர் கலங்கினால் சூடும் இறங்கும், வெளிச்சமும் குறையும். காற்று வழக்கம்போல் வந்தால் அந்த ஆண்டு வெளுத்ததில் பெரும்பகுதி தேறும். பிந்தினால்தான் ஆபத்து.

இப்போது நண்பரின் கழிவுநீர் வாதம். கழிவுதான் காரணம் என்றால், கழிவே இல்லாத இடத்தில் பவளம் வெளுக்கக் கூடாது. இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியாவைத் தவிர மற்ற தீவுகளில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆலை இல்லை, ஆறு இல்லை, விவசாயம் இல்லை. அங்கே 1998இலும் 2015-16இலும் பவளம் கொத்துக் கொத்தாகச் செத்தது. லட்சத்தீவிலும் ஆறோ பெரிய ஆலையோ கிடையாது. 1998, 2010, 2016 என்று மூன்று எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது) அடி வாங்கிய பிறகு, அங்கே உயிருள்ள பவளத்தின் பரப்பு கால் நூற்றாண்டில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2016இல் ஆஸ்திரேலியத் திட்டில் மிகக் கடுமையாக அடிவாங்கியது எந்தப் பகுதி தெரியுமா? கரும்புத் தோட்டங்களின் உரம் கலந்த நீர் வரும் பகுதி இல்லை. கேப் யார்க் முனையை ஒட்டிய வடக்கு மூன்றில் ஒரு பங்கு. மனிதக் கை அதிகம் படாத, எல்லோரும் 'தூய்மையானது' என்று கொண்டாடிய பகுதி அது. அந்த ஆண்டு அங்கே வெப்பம் அதிகம் நின்றது. வெளுப்பின் வரைபடமும் வெப்பத்தின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. நீரின் தூய்மை வெளுப்பைத் தடுக்கவில்லை.

வெயில் எப்போதும்தானே அடிக்கிறது என்ற அவருடைய கேள்வி மட்டும் நியாயமானது. எப்போதும் அடிக்கும் வெயில் இப்போது ஏன் இப்படிச் செய்கிறது?

வெளுப்பு என்பது புதிதல்ல. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் ஓராண்டு தங்கி ஆராய்ந்த பிரிட்டிஷ் குழுவே, தாழ்நீர் நேரத்தில் சூடேறிய குட்டைகளில் பவளம் வெளுத்ததைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அது ஒரு குட்டை, ஒரு திட்டு என்ற அளவில். ஒரு வட்டாரமே வெளுப்பது கவனத்துக்கு வந்தது 1982-83 எல் நினோவில்தான். பனாமா முதலிய கிழக்குப் பசிபிக் கரைகளில் பவளம் செத்ததைப் பீட்டர் கிளின் ஆவணப்படுத்தினார். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் வெளுத்தது 1998இல் முதல்முறை. மாலத்தீவில் ஆழமில்லாத பகுதிப் பவளத்தில் பெரும்பங்கு அந்த ஓராண்டில் போயிற்று. இலங்கையின் ஹிக்கடுவையும் கற்பிட்டிப் பக்கத்துத் திட்டுகளும் தப்பவில்லை. இரண்டாவது 2010. மூன்றாவது 2014இல் தொடங்கி 2017 வரை நீண்டது. நான்காவது தொடங்கிவிட்டதென்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2023 தொடக்கத்திலிருந்து கணக்கு. 2025 வசந்தத்துக்குள் உலகப் பவளப்பாறைப் பரப்பில் ஏறக்குறைய 84 சதவீதம் வெளுப்பு வரக்கூடிய வெப்பத்தைச் சந்தித்துவிட்டது.

இந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை எல் நினோ ஆண்டுகள் என்பதைப் பார்த்து, "அப்படியானால் எல் நினோதானே காரணம், அது காலங்காலமாக வருவதுதானே" என்று சிலர் கேட்பார்கள். எல் நினோ எப்போதும் ஒரு குவளை தண்ணீரைத்தான் ஊற்றுகிறது. முன்பு குடம் அரைகுறையாக இருந்தது, ஊற்றினாலும் வழியவில்லை. இப்போது குடம் கழுத்துவரை நிரம்பியிருக்கிறது. நாம் விடும் புகையால் பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. இதற்குச் சரியான சான்று 2022. அந்த ஆண்டு லா நினா, அதாவது எல் நினோவுக்கு எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியக் கரைக்குக் குளிர்ச்சியும் மேகமும் வரவேண்டிய ஆண்டு. அந்த ஆண்டும் பெருந்தடுப்புத் திட்டு பரவலாக வெளுத்தது. லா நினா ஆண்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அதே திட்டில் 2024 வரை பெரும் வெளுப்பு நடந்த ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள்: 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024. கடைசி ஐந்தும் ஒன்பது ஆண்டுக்குள் வருகின்றன. வேகமாக வளரும் கிளைப்பவளம்கூடப் பழைய நிலைக்குத் திரும்பப் பத்தாண்டு வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டுக்கு இரண்டு கடும் வெளுப்புகளுக்கு நடுவே 25, 30 ஆண்டு இடைவெளி கிடைத்தது. 2016 வாக்கில் அது ஆறு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. அடி விழுந்ததும் எழுந்துகொள்ளலாம். எழுவதற்குள் அடுத்த அடி விழுகிறது.

வேறு காரணங்களே இல்லையா? உண்டு, ஆனால் எல்லாம் உள்ளூர் அளவில். குளிரிலும் வெளுக்கும்: 2010 ஜனவரியில் புளோரிடாவில் வீசிய கடுங்குளிரில் பவளம் வெளுத்துச் செத்தது. வெள்ளம் வந்து நன்னீர் கலந்தால் வெளுக்கும்: 2011 குயின்ஸ்லாந்து வெள்ளத்தில் கெப்பல் தீவுகளில் நடந்தது. பெரிய வற்றத்தில் நீருக்கு வெளியே வந்து வெயிலில் காய்ந்தாலும் வெளுக்கும். களைக்கொல்லிகளில் சில, பாசி வெயில் பிடிக்கும் கருவியை அப்படியே முடக்கும். களைச்செடியைக் கொல்வதும் அதே வழியில்தான். அலங்கார மீன் பிடிக்கச் சயனைடு பீய்ச்சும் பழக்கம் பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் உண்டு. அது பட்ட பவளமும் வெளுக்கும். சன்ஸ்கிரீன் கிரீம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் ஆய்வகத்தில் பவளத்துக்குக் கேடு செய்வது உண்மை. ஹவாயில் 2021 முதல் விற்பனைத் தடை இருக்கிறது. குளிக்கும் கூட்டம் மொய்க்கும் சின்ன விரிகுடாவில் தடை நல்லதே. ஆளில்லாத சாகோஸை வெளுக்க வைத்தது எவருடைய முகக் கிரீமும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கடல் அமிலமாவதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கரியமில வாயு கரைவதால் கடலின் கார அமிலச் சமநிலை மாறுகிறது. பவளம் எலும்பு கட்டுவது சிரமமாகிறது. அது எலும்பு நோய், இது பட்டினி. மூலம் ஒரே புகை.

இப்போது நண்பருக்கு அவருடைய பங்கைக் கொடுத்துவிடுகிறேன். வெளுத்த பவளம் தேறுமா சாகுமா என்பதில் கரையிலிருந்து வரும் நீருக்குப் பெரிய பங்கு உண்டு. நைட்ரேட் அதிகமாகி பாஸ்பேட் குறைந்த நீரில் இருக்கும் பவளம், வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சுருண்டுவிடும். அதைவிட முக்கியம், செத்த இடத்தில் மறுபடி பவளம் முளைக்குமா என்பது. பவளம் செத்தால் அந்த எலும்புமேல் சில நாளிலேயே நூல்பாசி ஏறும். அதை மேய்ந்து சுத்தம் செய்ய கிளி மீனும் ஓராவும் வேண்டும். அவற்றை ஒட்டப் பிடித்துவிட்டு, சாக்கடைச் சத்தையும் ஊட்டினால் பாசி மெத்தைபோலப் படர்ந்துவிடும். நீரில் மிதந்து வரும் பவளக் குஞ்சுக்கு ஒட்டிக்கொள்ள ஓர் அங்குல இடம் கிடைக்காது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்த காலத்தின் விளைவை வான்தீவு இன்னும் அனுபவிக்கிறது. அலை தடுக்கும் பாறை போனதும் தீவே தேய்ந்தது. பிற்பாடு செயற்கைப் பாறைகளை இறக்கி அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. குருசடைத் தீவுப் பக்கம், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற பெரிய கடற்பாசி தப்பிப்போய்ப் பவளத்தின் மேல் போர்வை போர்த்தியது இன்னொரு கதை. இவை எதுவும் வெளுப்பைத் தொடங்கி வைக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனின் கஞ்சியைப் பிடுங்கும் வேலையைச் செய்தன.

யார் முதலில் சாகிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மான்கொம்புபோலக் கிளைக்கும் அக்ரோபோரா, பொசிலோபோரா வகைகள் வேகமாக வளரும், வேகமாகச் சாகும். குண்டுக்கல்போலத் திரளும் போரைட்டிஸ் மெதுவாக வளரும். தோல் தடிமன், சேமிப்பும் அதிகம். வெளுத்தாலும் பல வாரம் தாக்குப்பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் 2016இல் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அந்தக் கோடைக்கு முன் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 சதவீதத்துக்கு இறங்கியது. போனதில் பெரும்பங்கு கிளைப்பவளமும் தகடுபோலப் படரும் வகைகளும். குண்டுக்கற்கள் வெள்ளையாகிப் பிறகு நிறம் திரும்பின. சில பவளங்கள் குடித்தனக்காரரையே மாற்றிக்கொள்வதும் உண்டு. வெப்பம் தாங்கும் டுருஸ்டினியம் என்ற பாசி வகையை ஏற்றுக்கொண்டால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகத் தாங்கலாம். ஆனால் அந்தக் குடித்தனக்காரர் கொடுக்கும் வாடகை குறைவு, பவளத்தின் வளர்ச்சி மந்தமாகும்.

இனி உங்கள் படங்கள். வெள்ளை என்றால் உயிர் இருக்கிறது என்றேன். செத்த பவளம் வெள்ளையாக ரொம்ப நாள் இருக்காது. முதலில் மங்கிய மஞ்சள், பிறகு பச்சையும் பழுப்புமாக, மழைக்காலத்துச் சிமெண்டுத் தொட்டிபோல ஆகிவிடும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். மே மாதம் வெள்ளையைப் பார்த்துப் பதறிப்போனவர்கள் ஆகஸ்டில் மறுபடி வந்து, "பரவாயில்லை, நிறம் வந்துவிட்டது" என்று நிம்மதியாகப் போவார்கள். அவர்கள் பார்த்தது பவளத்துக்கு உள்ளே திரும்பிய பாசி இல்லை, பிணத்தின் மேல் முளைத்த பாசி. வித்தியாசம் காண வழி இருக்கிறது. உயிரோடு நிறம் திரும்பிய பவளத்தில் தேன்கூட்டுக் கண்களைப்போலப் பாலிப் குழிகள் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரியும், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். செத்ததில் குழி தூர்ந்து, மேலே பஞ்சுபோல நூல் ஆடும், மண் படிந்திருக்கும்.

முதல் படம், கிளைப்பவளம். நுனிகள் பளீர் வெள்ளை, அடியில் ஏற்கெனவே பச்சை நூல் ஏறிவிட்டது. அது பெரும்பாலும் போயிருக்கும். இரண்டாவதில் தெரியும் குண்டுக்கல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி முழுக்க வெள்ளை; ஆனால் இடப்பக்கம், பக்கத்துப் பாறையின் நிழல் விழும் இடத்தில், ஒரு கையகலத்துக்குப் பழுப்பு அப்படியே இருக்கிறது. மேலும் கீழும் ஒரே நீர்தான், ஒரே சூடுதான். வெயில் நேரே படாத பக்கம் மட்டும் பாசி தங்கியிருக்கிறது. உங்கள் நண்பரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். கழிவுநீர் என்றால் நிழல் பார்த்து விலகியிருக்காது. அந்த ஆண்டு காற்று பிந்தாமல் வந்திருந்தால், அந்தக் கல் அந்தக் கையகலத்திலிருந்துதான் மேல்நோக்கி நிறம் ஏறியிருக்கும்.